அரூரில் என் கணவருக்குத் துக்கம் விசாரித்தார்கள்

விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி, எதற்காக இந்தியா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தர்மபுரி மாவட்டத்தில் அரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஒரு சாவைப் பற்றிய சிரிப்பு நாடகத்தைப் போட்டுப் பார்க்க வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் "கோயில்" என்றேன். உடனே முத்திரை விழுந்தது.

நான் ஈப்போக்காரி. பகலில் பள்ளிச் சீருடை விற்கிறேன், மாலையில் ஒரு தமிழ் நாடகக் குழுவில் நடிக்கிறேன். இந்த ஆண்டு முதன்முறையாக நானே ஒரு நாடகம் எழுதி முடித்தேன். ஒருவர் மட்டும் நடிப்பது. கணவன் செத்த அன்று வீட்டில் நடந்த கூத்துகளை மனைவி சொல்வதுதான் கதை. எங்கள் இயக்குநர் தியாகு படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்களுக்கு உன்னைத் தெரியும், அதனால சிரிப்போம். உன்னைத் தெரியாத ஊர்ல போட்டுப் பாரு. அங்க சிரிச்சா ஆண்டு விழாவுல உன் நாடகம். இல்லேன்னா என்னோட சரித்திர நாடகம்" என்றார். அவருடைய சரித்திர நாடகத்தில் எனக்கு வழக்கமாகக் கிடைப்பது சாமரம் வீசுகிற வேடம். ஐம்பது வயதில் இன்னொரு முறை சாமரம் வீச எனக்குத் தெம்பில்லை.

என்னைத் தெரியாத ஊரைக் காட்டிக்கொடுத்தவள் ஷமீமா. இணையத்தில் நடந்த ஒரு நாடக வகுப்பில் பழக்கம். மனநல ஆலோசகர். அவளுடைய அப்பா அன்வர் பாய் அரூரில் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அந்தக் கிடங்கில் ஷமீமா அவ்வப்போது ஒரு பட்டறை நடத்துகிறாள். காலையில் ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்வார்கள், களிமண் பிசைவார்கள், படம் வரைவார்கள். மாலையில் வெளியூர்க் கலைஞர் யாராவது தன்னுடைய அரைவேக்காட்டுப் படைப்பை அவர்கள் முன்னால் போட்டுப் பார்ப்பார். அவர்களுக்கு மனபாரம் குறையும், கலைஞருக்குத் தலைக்கனம் குறையும் என்பது ஷமீமாவின் கணக்கு.

முதல் நாள் நான் அரூருக்குப் பதிலாக நல்லம்பள்ளிக்குப் போனேன். அதற்குக் காரணம் என் நேர்மை. தர்மபுரியில் கண்ணில் பட்ட பேருந்தில் ஏறி உட்கார்ந்து காசை நீட்டினேன். நடத்துநர் வாங்க மறுத்தார்.

"லேடீஸுக்குக் காசு இல்லீங்க."

நான் வெளிநாட்டுக்காரி, மலேசியாவிலிருந்து வருகிறேன், சலுகை எனக்குப் பொருந்தாது என்றேன்.

"ஏங்க, மலேசியாவுல லேடீஸ் இல்லீங்களா?"

பேருந்து முழுவதும் இதைப் பற்றி யோசித்தது. முன் இருக்கையில் தக்காளிக் கூடையோடு இருந்த அம்மாள், இருக்கும் என்று எனக்காகச் சாட்சி சொன்னார். நான் கொள்கைப் பிடிப்போடு வாதாடிக்கொண்டே வந்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இது நல்லம்பள்ளி என்று தெரிந்தது. அரூர் வேறு திசையாம். "காசு காசுன்னே பேசிட்டு வந்தீங்க. எங்க போறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லலீங்களே" என்று நடத்துநர் வருத்தப்பட்டார். திரும்பும் பேருந்து வரும்வரை ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றேன். இரண்டு மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும். கடித்தால் பாதி வாய்க்குள் போகும், பாதி சட்டைக்குள் போகும். ஈப்போவில் இதை விற்றால் பக்கத்திலேயே ஒரு சலவைக் கடையும் வைக்கலாம்.

ஒருவழியாக அரூர் சேர்ந்தபோது அன்வர் பாய் தன் குட்டியானையோடு பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். யானை என்றதும் நான் ஒரு கணம் மகிழ்ந்தேன், அது சின்னச் சரக்கு வண்டி. போகும் வழியில் பாய் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

"வைகாசி பாருங்க. நல்ல பந்தலெல்லாம் கல்யாணத்துக்குப் போயிடுச்சி. ஒன்னே ஒன்னுதான் மிச்சம். கொஞ்சம் பழசு. வெயிலுக்கு அதக் கட்டிக்கலாங்களா?"

தாராளமாகக் கட்டுங்கள் என்றேன். கிடங்கின் முன்வாசலில் கட்டியிருந்ததைப் பார்த்தேன். கருநீலத் துணி, ஒரு மூலையில் கிழிசல், அதில் வெள்ளை ஒட்டு. கருநீலம் என் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் காலை வட்டத்தில் நானும் உட்கார்ந்தேன். ஷமீமா விதிகளைச் சொன்னாள். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது, சரி தப்பு சொல்லக்கூடாது, முக்கியமாகச் சிரிக்கக்கூடாது. எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். புளி மண்டி வைத்திருக்கும் பெருமாள் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றார். ஒரு தையல்காரம்மா தன் மகள் பேசுவதே இல்லை என்றார். பிறகு மாதம்மாள் என்ற அறுபது வயது அம்மாள், பக்கத்தில் இருந்த மருமகளின் தோளில் கை வைத்தபடி பேசினார்.

"எம் மவன் முனிராஜி போயி ஆறு மாசம் ஆச்சிங்க. வண்டியில போனவன் திரும்பி வரல. இவ பேரு செல்வி. அன்னிக்கிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரு வுடல. பேச்சும் இல்ல. தோட்டத்துக்குப் போறா, வேல செய்யறா, வரா. உள்ளயே வெச்சிருந்தா ஒடம்புக்கு ஆவுங்களா? அதான் கூட்டியாந்தேன்."

செல்விக்கு முப்பது வயது இருக்கும். கையில் கொடுத்த களிமண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள். என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். உருண்டைதான்.

அன்று மாலை கருநீலப் பந்தலுக்குக் கீழே என் நாடகம். இது சிரிப்பு நாடகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று ஷமீமாவிடம் கேட்டேன். "சொல்லிட்டா அப்பறம் சோதன எப்பிடிங்கக்கா?" என்றாள். நியாயம்தான். வெள்ளைச் சேலையில் வந்து நின்றேன். "என் வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார்" என்பதுதான் முதல் வரி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செத்தவருக்கு மாலை போட ஒரு படம் தேடுகிறார்கள். அவர் தூண்டில் பைத்தியம், எல்லாப் படத்திலும் கையில் ஒரு பெரிய மீனோடு இருக்கிறார். படத்தில் மீனை மட்டும் வெட்டினால் அவர் கையும் போய்விடும் என்பதால் மீனோடு சேர்த்தே மாலை போடுகிறார்கள். வருகிறவர்கள் மீனையும் கும்பிடுகிறார்கள். அப்புறம் சவ ஊர்தி வழி தவறி, காரை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்குகிற கடையின் சந்துக்குள் நுழைந்துவிடுகிறது. பின்னால் வரிசையாகக் கார்கள், ஊர்தியைத் திருப்ப முடியாது. சன்னல் திறக்கிறது. கடைக்காரப் பையன் சிரித்த முகத்தோடு, என்ன வேண்டும் என்று கேட்கிறான். கூட வந்த மாமா ஊர்திக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறார்.

ஈப்போவில் என் கணவர் குணாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். அரூரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீனுக்கு மாலை போட்டபோது பெருமாள் "ச்சு ச்சு" என்றார். சன்னல் திறந்த இடத்தில் செல்வி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள், தோள்கள் குலுங்கின. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி வெளியே கூட்டிப்போனார்கள். மாதம்மாள் பின்னாலேயே ஓடினார், ஷமீமா சொம்பில் தண்ணீரோடு ஓடினாள். நான் மீதி நாடகத்தைப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

கைதட்டல் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து என் முன் வந்து கைகூப்பினார்கள், பிறகு வாயைத் திறக்காமல் போய்விட்டார்கள். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவர்கூட "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரில், எனக்கு ஒரு "வரேங்க" கிடைக்கவில்லை. தியாகுவிடமிருந்து செய்தி வந்தது: சிரிச்சாங்களா? அமைதியாக ரசித்தார்கள் என்று பதில் போட்டேன். அவர் சரித்திர நாடகத்தின் உடைப் படங்களை அனுப்பினார். சாமரமும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை நான் தங்கியிருந்த பாய் வீட்டு மாடிக்கு அடுக்கு அடுக்காகச் சாப்பாடு வந்தது. மாதம்மாள் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்தார். பெருமாள் வீட்டிலிருந்து ரசமும் துவையலும். தையல்காரம்மா இட்டிலி. என்ன விருந்தோம்பல் என்று நெகிழ்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். அது என்னோடு சண்டை போட்டது.

அதன் பிறகாவது கவனித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். யாரும் என்னை ஒரு பையைக்கூடத் தூக்க விடவில்லை. மதியம் ஒரு கடையில் மட்டன் சுக்காவோடு உட்கார்ந்திருந்தபோது உள்ளே வந்த பெருமாள் என் தட்டைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு மெல்லிய குரலில், "பரவால்லீங்க. மனசுக்கு எது ஆறுதலோ அதச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சுக்காவினால் ஆறுதல் அடைகிற முகம் எனக்கு இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் மாதம்மாள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலேசியாவுல பொட்டு வெச்சிக்கலாங்களா?"

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்றேன். அவர் மருமகள் பக்கம் திரும்பி, "கேட்டுக்க" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒரு குறுகுறுப்பு இருந்தது.

அன்று சிரிக்க வைத்தே தீருவது என்று நாடகத்தில் காரத்தைக் கூட்டியிருந்தேன். "என் சமையலுக்குப் பயந்துதான் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று புதிதாக ஒரு வரி. சொல்லி முடிப்பதற்குள் மாதம்மாள் எழுந்துவிட்டார்.

"அப்பிடிச் சொல்லாதம்மா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

"இல்லீங்க, தப்பே இல்லீங்க" என்றார் பெருமாள். யாரோ சோடா உடைத்தார்கள். தையல்காரம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ள, ஆளுக்கு ஒரு கையாகத் தடவிக் கொடுத்தார்கள். வேடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்ற தொழில் தர்மத்தில் நான் சாய்ந்தே இருந்தேன். அத்தனை கைகள் தலையைத் தடவினால் யாருக்கானாலும் அழுகை வரும், எனக்கும் வந்துவிட்டது. நல்ல அழுகை. எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. சிரிப்பு நாடகம் போட்டு நானே அழுத செய்தியைத் தியாகுவுக்கு அனுப்பவில்லை.

"நாளைக்கித் தீர்த்தமலைக்குப் போவலாம். தீர்த்தம் தலையில வுழுந்தா பாரமெல்லாம் போயிடும்" என்றார் மாதம்மாள். சுற்றிப் பார்க்க அழைக்கிறார் என்று நினைத்து உடனே சரி என்றேன்.

மறுநாள் குட்டியானையில் பாய் எங்களுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார். ஊர்வலம் போல உட்கார்ந்து போனோம். மேட்டில் ஏறியதும் நாற்காலிகள் எங்களோடு சேர்ந்து பின்பக்கமாக வழுக்கின. பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் வந்தன. பெருமாள் என் மடியில் இருமுறை உட்கார்ந்தார், இருமுறையும் மன்னிப்புக் கேட்டார். மலையடிவாரத்தில் பாய் டீக்கடையோடு நின்றுகொள்ள, நாங்கள் படியேறினோம். பாதி வழியில் ஒரு குரங்கு என் வாழைப்பழங்களை வாங்கிக்கொண்டு உரித்துத் தின்றது. எங்கள் ஊர்க் குரங்குகள் தோலோடு தின்னும். இங்கே நாகரிகம்.

பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் எல்லோரும் நனைந்தோம். உண்மையிலேயே உச்சி குளிர்ந்து உடம்பே எடையற்றுப் போனது. சொட்டச் சொட்ட நின்றபோது மாதம்மாள் என்னைக் கையைப் பிடித்து அர்ச்சகரிடம் கூட்டிப்போனார். கையில் ஒரு விளக்கு வாங்கி வைத்திருந்தார். அர்ச்சகர் பெயர் கேட்டார். என் கணவர் பெயருக்கு அர்ச்சனை என்று நினைத்து, குணசேகரன், சித்திரை நட்சத்திரம், ஈப்போ என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"தவறி எத்தன நாளாச்சுங்க?"

"யார் தவறினது?"

"மோட்ச தீபம் போடணும்னு சொன்னாங்களே."

படியில் வைத்திருந்த பைக்குள் என் கைப்பேசி அடித்தது. எடுத்தேன், காணொளி அழைப்பு. திரை முழுக்க என் கணவரின் முகம், பனியனோடு, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு.

"விமலா, துணி சோப்பு எங்கே வெச்சே லா?"

மாதம்மாள் எட்டிப் பார்த்தார். "இது யாருங்க?"

"என் வீட்டுக்காரர்."

மாதம்மாள் கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "மறுபடியும் கட்டிக்கிட்டீங்களா? நல்ல காரியம் பண்ணீங்க. யாரும் ஒன்னும் சொல்லப்போறதில்ல."

"மறுபடியும் இல்லை. இவர்தான். ஒரே ஆள்தான்."

"செத்துப்போனாரே?"

"யாரு லா செத்தது?" என்றார் குணா திரைக்குள்ளிருந்து.

பெருமாள் என் கையிலிருந்த கைப்பேசியை உற்றுப் பார்த்துவிட்டுத் திரையை நோக்கிக் கைகூப்பினார். குணாவும் கைகூப்பினார். அர்ச்சகர் விளக்கை மாதம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். செல்வி பாறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், தோள்கள் குலுங்கின. மாதம்மாள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார். "அழுவாதடி, அழுவாத. அவங்க வூட்டுக்காரரு இருக்காரேன்னு நெனச்சி ஏங்காத."

ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அது நாடகம், நான் எழுதியது, சிரிக்க வேண்டியது. "ரெண்டு நாளா இருந்த கொஞ்சத் தூக்கமும் போச்சிங்க" என்றார் பெருமாள். தையல்காரம்மாவுக்கு இட்டிலி போன வருத்தம் இருந்தது. பிறகு தங்கள் தரப்பை எடுத்துச் சொன்னார்கள்.

"அந்தப் பந்தலுக்கு அடியில நின்னு வூட்டுக்காரர் செத்துட்டாருன்னு சொன்னா, நாடகம்னாலும் சொந்தக் கதன்னுதான நாங்க நெனைப்போம்?" என்றார் பெருமாள். "இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தச் சாவுக்கும் பாய் அதத்தாங்க அனுப்புவாரு. அந்தக் கிழிஞ்ச மூலையப் பாத்தாவே எங்களுக்கு அழுவ வந்துடும். எங்கப்பாவுக்கும் அதான்."

ஈப்போவில் எங்கள் வீட்டிலும் இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "வரேன்" என்று சொல்ல மாட்டோம். அது கூடவா எனக்கு உறைக்கவில்லை என்று என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

இறங்கும்போது செல்வி என் பக்கத்தில் வந்தாள். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று மெதுவாக நடந்தாள். அவள் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"நான் அழுவலீங்க."

நின்றுவிட்டேன்.

"இப்பவும் அழுவல, அன்னிக்கும் அழுவல. சிரிப்ப அடக்க முடியல. மீனுக்கு மால போட்டாங்களே, அப்பவே ஆரம்பிச்சிடுச்சி. அந்தப் பையன் சன்னலத் தொறந்து என்ன வேணும்னு கேட்டானா, அதுக்குள்ள என்னைய வெளிய தூக்கிட்டுப் போயிட்டாங்க. நேத்தும் நீங்க அழுதுட்டீங்க, அந்த எடமே வரல." கொஞ்சம் தயங்கினாள். "அந்த மாமா என்னதான் வாங்குனாரு?"

எழுதுகிற எவளுக்கும் இதைவிட இனிப்பான கேள்வி கிடைக்காது. அங்கேயே சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொல்லிக் காட்டக்கூடாது, நடித்துக் காட்ட வேண்டும். நாளை கடைசி நாள், வந்து பார் என்றேன்.

"அத்தைக்கு மட்டும் தெரிய வேணாங்க. மவன் போயி ஆறு மாசத்துல சாவுக் கதைக்குச் சிரிக்கறான்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. எம்மேல உசுரா இருக்காங்க." அவள் கண்களில் பயம் இருந்தது. ஆறு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் அவள் அழுவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அரூர் திரும்பியதும் ஷமீமா என்னைத் தனியே அழைத்து, நாளைக்கு நாடகம் வேண்டாம் என்றாள். செல்வி இரண்டு முறை உடைந்துவிட்டாள், மூன்றாவது முறைக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்றாள். ஓர் ஆலோசகர் பேச வேண்டியதைத்தான் பேசினாள். எனக்கோ நாக்கு நுனியில் உண்மை, அதைச் சொல்லாதே என்று வாக்கு வேறு. என் நாடகத்தை ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ரசிகைக்காகவே அதை நிறுத்துகிறார்கள் என்ற கோபத்தில், "அவளைக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போல. ஷமீமா என்னையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மாதம்மாள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் குழம்பியிருந்தது. "போடுங்கன்னு சொல்லிட்டா. அவளா வாயத் தொறந்து எதையும் கேட்டதில்லீங்கக்கா" என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாய் குற்ற உணர்ச்சியில் இருந்தார். பந்தலால் வந்த வினையைப் பந்தலாலேயே தீர்ப்பது என்று முடிவெடுத்தார். மறுநாள் மதியம் ஒரு கல்யாணம் முடிந்த கையோடு அங்கிருந்த சாமான்களை நேராகக் கிடங்குக்குக் கொண்டுவந்துவிட்டார். ரோஜா நிறப் பந்தல், சீரியல் விளக்கு, பிளாஸ்டிக் பூ வளைவு, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் தங்க நிறச் சிம்மாசனம். நான் வெள்ளைச் சேலையோடு அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கணவன் சாவைச் சொல்ல வேண்டும். பாய் மைக்கை வாங்கி அறிவிப்பு வேறு செய்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த நாடகத்துல வர்ற வூட்டுக்காரரு நல்ல ஒடம்போட இருக்காரு. போன்ல பாத்தாச்சி. அதனால எல்லாரும் சிரிக்கலாம்."

சிரிக்கலாம் என்று மைக்கில் சொன்ன பிறகு யாரால் சிரிக்க முடியும்? ஆட்கள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மாதம்மாளும் செல்வியும். என்னைப் பார்த்ததைவிட எல்லோரும் மாதம்மாளின் முதுகைத்தான் அதிகம் பார்த்தார்கள். மகனைப் பறிகொடுத்தவர் முன்னால் எப்படிப் பல்லைக் காட்டுவது என்ற சங்கடம். மீனுக்கு மாலை விழுந்தது. பெருமாளின் தொண்டையில் ஏதோ சத்தம், உடனே இருமலாக மாற்றிவிட்டார். எனக்கு வேர்த்து ஊற்றியது.

ஊர்தி சந்துக்குள் நுழைந்தது. சன்னல் திறந்தது. பையன் கேட்டான். மாமா தலையை நீட்டி, உள்ளே படுத்திருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "அவருக்கு வேணாம். எங்களுக்கு மட்டும் நாலு பர்கர், காரம் தூக்கலா" என்றார்.

செல்வி வெடித்துச் சிரித்தாள். முந்தானை இல்லை, கை இல்லை, வாயை முழுசாகத் திறந்த சிரிப்பு. அது பந்தல் முழுவதும் கேட்டது. சிரித்துவிட்டு அவளே திடுக்கிட்டு நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

நான் அடுத்த வரியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லோரும் மாதம்மாளைப் பார்த்தார்கள். மாதம்மாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கே இந்தச் சிரிப்பா சிரிக்கற?" என்றார். "நம்ம முனிராஜி சாவுல அந்த பேண்டு செட்டுக்காரனுங்க பண்ணுனத மறந்துட்டியா? எந்திரிச்சி அதச் சொல்லுடி. அது இத வுட நல்லாருக்கும்."

செல்வி அசையவில்லை. மாதம்மாள் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினார். அவள் எழுந்து வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் பூ வளைவுக்குக் கீழே நின்றாள். நான் சிம்மாசனத்திலிருந்து இறங்கி மாதம்மாளுக்குப் பக்கத்தில் அவள் விட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எங்க வூட்டுக்காரர எடுத்துட்டுப் போறோம்ங்க" என்று ஆரம்பித்தாள். "முன்னால பேண்டு செட்டு. பஸ் ஸ்டாண்டு முக்குல எதுத்தாப்புல ஒரு பொண்ணழைப்பு வருது, அவங்களுக்கும் பேண்டு செட்டு. ரெண்டு செட்டுக்கும் ஒரே கலர் சட்டைங்க. நெரிசல்ல மாறிடுச்சி. எங்க ஆளுங்க பொண்ணு பின்னால போயிட்டாங்க. அவங்க ஆளுங்க எங்க கூட வந்துட்டாங்க. சுடுகாடு வரைக்கும் கல்யாணப் பாட்டு. நிறுத்துங்கடான்னா, காசு வாங்கிட்டோம், வாசிக்காம போவ மாட்டோம்ங்கறாங்க…"

பெருமாள் முதலில் விழுந்தார். நிஜமாகவே நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், பாய் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷமீமா தன் விதிகளையெல்லாம் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பொறாமை வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய என்னால் முடியாததை இவள் நின்ற இடத்தில் செய்கிறாள். பொறாமையோடு சேர்ந்தே வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. தியாகு. சிரிச்சாங்களா என்று கேட்டிருந்தார். அணைத்துப் பைக்குள் போட்டேன். செல்வி அப்போது கல்யாணப் பெண்ணின் அப்பா மூச்சிரைக்க ஓடிவந்த இடத்துக்கு வந்திருந்தாள்.

மாதம்மாள் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்த்தேன், இரண்டும் இருந்தது. என் காதருகே குனிந்தார்.

"அவனுக்கு ஆட்டம்னா உசுருங்க. எங்க மோளம் கேட்டாலும் எறங்கிடுவான். அன்னிக்கி மட்டும் எந்திரிச்சிருந்தான்னா, சுடுகாடு வரைக்கும் ஆடிக்கிட்டே வந்திருப்பான்."

இதைச் சொல்லிவிட்டு என் கையை விட்டுவிட்டு, மருமகள் சொல்ல மறந்த ஏதோ ஒன்றைச் சொல்ல அவரும் எழுந்து போனார்.